உப்புக் காற்றில் ஒரு பழைய கேம்பிங் டிரெய்லர்: ஆண்டுப் பராமரிப்புக்கு முழு வழிகாட்டி

என் டிரெய்லரை முதன்முறை பார்ப்பவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "ஷூட்டிங் வண்டியா?" கேரவன் என்றாலே நடிகர் உட்கார்ந்து மேக்கப் போடும் வண்டி என்றுதான் நம் ஊரில் பதிந்திருக்கிறது. என்னுடையது அதில் கால்வாசி கூட வராது. பத்தடி நீளம், ஒற்றை அச்சு, இரும்பு சேஸிஸ், ஃபைபர் கூடு. உள்ளே இருவர் படுக்க ஒரு பலகை. பின்கதவைத் தூக்கினால் ஓர் அடுப்படி. பழைய பொலேரோவின் பின்னால் கட்டி இழுக்கிறேன். என்னிடம் வந்தபோதே அதற்கு எட்டு வயது. வெளியூரில், கடல் பார்க்காமல் வளர்ந்த வண்டி.

நாங்கள் இருப்பது ராமநாதபுரம் மாவட்டத்தில், உச்சிப்புளிப் பக்கம். வடக்கே போனால் பாக் நீரிணை, தெற்கே போனால் மன்னார் வளைகுடா. எந்தத் திசையில் காற்று அடித்தாலும் உப்போடுதான் வரும். எட்டு வருடத்தில் பிடிக்காத துரு இங்கே ஒன்றரை வருடத்தில் பிடித்தது. இந்த ஊர்க்காரர்களுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், உலோகம் எப்படி அரிக்கிறது என்று சோதித்துப் பார்க்க நிலையம் வைத்திருப்பதே மண்டபத்தில்தான். 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளைப் போட்டு, மேலே துரு தடுக்கும் பாலிசிலோக்சேன் பூச்சும் கொடுத்திருக்கிறார்கள்.

என் பராமரிப்புத் திட்டமும் அதேதான், கொஞ்சம் சின்ன அளவில். வெளிநாட்டு வழிகாட்டிகளைப் படித்தால் பாதிப் பக்கம் குளிர்காலத்துக்கே போய்விடும்: குழாயில் தண்ணீர் உறைந்து வெடிக்காமல் வடித்துவிடு, உறைபனித் தடுப்பு திரவம் ஊற்று என்று. மீதிப் பக்கத்தில் டிவி மாட்டு, சோபா மாற்று. நமக்கு இரண்டும் வேண்டாம். இந்தக் கரையில் மேம்படுத்துவது என்றால் வண்டியிலிருந்து ஆண்டுக்கு ஓர் இரும்பை வெளியே அனுப்பி, அந்த இடத்தில் துருப்பிடிக்காத ஒன்றை வைப்பது. மற்றதெல்லாம் கழுவுவது, காய வைப்பது, பார்ப்பது.

எந்த மாதத்தில் செய்வது

வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் காற்று. தனுஷ்கோடிப் பக்கம் அந்த நாட்களில் நின்றால் மணல் முகத்தில் அறையும். பெயிண்ட் அடித்தால் காய்வதற்குள் உப்புத்தாள் மாதிரி ஆகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம். இந்த மாவட்டத்துக்குக் கிடைக்கும் மழையில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில்தான். ஆகவே நான் வேலையை இரண்டாகப் பிரித்துவிட்டேன். மழைக்கு முன், புரட்டாசியில், ஒழுகல் அடைக்கும் வேலை மட்டும். தை பிற்பகுதியில் தொடங்கி மாசிக்குள் சேஸிஸ், சக்கரம், ஃபைபர், மின்சாரம். ஊர் சுற்ற நல்ல காலமும் அதுதான், என்ன செய்வது. பத்து நாள் ஒதுக்கினால் போதும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மட்டும் எந்த வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள். மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையேறி மராமத்தில் இருக்கும். ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் என்று எங்கே தேடினாலும் வெல்டர், ஃபைபர் ஆள், பெயிண்டர் யாரும் உங்கள் பத்தடி வண்டிக்காக வரமாட்டார்கள். நான் ஒருமுறை மே மாதம் போய்க் கெஞ்சிப் பார்த்துவிட்டேன்.

முதலில் நல்ல தண்ணீர்

உப்பின் மேல் அடித்த பெயிண்ட் நிற்காது. வெளியே பளபளப்பாக இருக்கும், ஆறே மாதத்தில் அடியிலிருந்து கொப்புளம் கிளம்பும். ஆகவே கழுவாமல் எந்தப் பகுதியிலும் கை வைக்கக் கூடாது.

சிக்கல் என்னவென்றால், கடற்கரை ஊர்களில் போர் தண்ணீரே உப்பாக இருக்கும். அதில் கழுவினால் உப்பை இன்னும் கொஞ்சம் சேர்த்துப் பூசுகிறோம். குழாயில் வரும் காவிரித் தண்ணீரையோ மழைநீர்த் தொட்டித் தண்ணீரையோ இதற்கென்று சேர்த்து வையுங்கள். இருநூறு லிட்டர் பீப்பாய் இரண்டு இருந்தால் என் அளவு வண்டிக்குப் போதும்.

மேலிருந்து கீழே கழுவிக்கொண்டு வந்து, கடைசியில் படுத்துக்கொண்டு அடிப்பாகம். சேஸிஸின் பெட்டி வடிவக் குழாய்களின் உள்ளேயும் பைப்பை விட்டுத் தண்ணீர் ஓடவிட வேண்டும். உள்ளேதான் மணலும் உப்பும் குடியிருக்கும். சர்வீஸ் ஸ்டேஷன் பிரஷர் தண்ணீரை ஜன்னல் ஓரத்திலும் சக்கரத்தின் நடுவிலும் அடிக்காதீர்கள். ரப்பர் சீல்களைத் தாண்டி உள்ளே போய்விடும்.

போதுமான அளவு கழுவியாயிற்றா என்று எப்படித் தெரியும்? எனக்கு ஃபைபர் வேலை பார்த்துத் தரும் பெரியவர் ஒருவர் சேஸிஸில் விரலை வழித்து நாக்கில் வைத்துப் பார்ப்பார். "தம்பி, இன்னும் கரிக்குது" என்று சொல்லிவிட்டுப் போய் டீ குடிப்பார். எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை. வீட்டு வாட்டர் ஃபில்டருக்கு வாங்கிய, தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் வைத்திருக்கிறேன். பீப்பாயில் உள்ள தண்ணீரை அளந்துகொள்வேன். வண்டியில் வழிந்து சொட்டும் தண்ணீரையும் பிடித்து அளப்பேன். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகும் வரை கழுவுவது. இதுவரை அவர் நாக்கும் என் மீட்டரும் முரண்பட்டதில்லை.

சேஸிஸ்

நன்றாகக் காய்ந்த பிறகு, சிறிய சுத்தியலால் ஒவ்வொரு சாணுக்கும் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், அரித்த இடம் மொத்தென்று கேட்கும். சந்தேகமான இடத்தில் பழைய ஸ்க்ரூடிரைவரை அழுத்துங்கள். உள்ளே போனால் பெயிண்ட் பேச்சே இல்லை, அந்தத் துண்டை வெட்டி எடுத்துப் புது இரும்பு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். துரு மேலேயே பிளேட் வைத்து மூடிவிடலாம் என்று சில பட்டறைகளில் சொல்வார்கள், கேட்காதீர்கள். வெல்டிங்குக்கு முன் பேட்டரி வயரைக் கழற்றுங்கள், பொலேரோவுடன் இருக்கும் மின் இணைப்பையும் பிரித்துவிடுங்கள்.

மேல்துரு மட்டும் என்றால் கிரைண்டிங் மெஷினில் வயர் பிரஷ் மாட்டி, வெள்ளி நிறம் தெரியும் வரை தேய்க்க வேண்டும். கண்ணாடி கட்டாயம், அந்த பிரஷ்ஷிலிருந்து கம்பி பறந்து வரும். அப்புறம் பூச்சு. நம் ஊர் வழக்கப்படி ரெட் ஆக்சைடு அடித்து, மேலே கறுப்பு எனாமல் அடித்தால் மதுரையில் நிற்கும், மண்டபத்தில் நிற்காது. நான் செய்வது மூன்று அடுக்கு: துத்தநாகம் அதிகமுள்ள எபாக்ஸி பிரைமர், நடுவில் எபாக்ஸி, மேலே பாலியூரிதேன். எபாக்ஸி வெயிலில் சுண்ணாம்பாக உதிரும் என்பதால்தான் மேல் அடுக்கு.

ஒரு நுணுக்கம். துத்தநாக பிரைமர் வெறும் இரும்பைத் தொட்டால்தான் வேலை செய்யும். இரும்புக்குப் பதில் துத்தநாகம்தான் அரிபடுகிறது, அதற்கு இரண்டும் ஒட்டியிருக்க வேண்டும். பிரஷ் நுழையாத மூலைகளில் துருவை மாற்றும் பாஸ்பாரிக் அமிலத் திரவம் பூசினால், அந்த இடத்தில் துத்தநாகம் வீண். அங்கே சாதாரண எபாக்ஸி பிரைமர் போதும்.

காலை ஒன்பது மணிக்கு முன் பெயிண்ட் டப்பாவைத் திறக்காதீர்கள். இரும்பின் சூடு, பனி படியும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும் என்பது பெயிண்டர்களின் கணக்கு. விடிகாலையில் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் இரும்பின் மேல் இருக்கும். மூன்று மணிக்கு மேல் கடற்காற்று ஈரத்தைக் கொண்டுவரும். இடையில் உள்ள நேரம்தான் நமக்கு.

பெட்டிக் குழாய்களுக்கு உள்ளே பெயிண்ட் போகாது. தாழ்வான முனையில் தண்ணீர் வடிய ஒரு துளை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கார்களுக்கு அடிக்கும் மெழுகுப் பூச்சை உள்ளே பீய்ச்சுங்கள். பழைய என்ஜின் ஆயிலை ஊற்றச் சொல்வார்கள். ஊற்றினால் போகிற இடமெல்லாம் சொட்டும், மணல் நனையும், நாம் போய்த் தங்குகிற இடமே கடற்கரை.

சக்கரமும் பேரிங்கும்

இந்தப் பகுதியை மட்டும் யாரும் தள்ளிப்போடக் கூடாது. மூன்றாம் ஆண்டு நான் தள்ளிப்போட்டேன். தொண்டியிலிருந்து திரும்பும்போது உப்பூர் தாண்டி, பின்னால் வந்த லாரிக்காரர் விளக்கடித்து நிறுத்தினார். இடது சக்கரத்தில் புகை. பேரிங் உருளைகள் நீலம் பாரித்து, அச்சோடு ஒட்டிப்போயிருந்தன. காரணம், பேரிங்குக்குள் தண்ணீர் புகாமல் தடுக்கும் ஆயில் சீல். முந்தைய ஆண்டு கழற்றியபோது "இன்னும் நன்றாகத்தானே இருக்கிறது" என்று பழைய சீலையே திரும்ப அடித்து வைத்தது நான்தான்.

செய்முறை இது. சமதரையில் வண்டியை நிறுத்தி, மறுபக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஜாக்கியில் தூக்கியதும் ஸ்டாண்ட் வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கையை உள்ளே விடாதீர்கள். சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் காது கொடுங்கள். கரகரப்பு இருந்தால் பேரிங் போயிற்று. மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் நட் தளர்ந்திருக்கலாம், தேய்மானமாகவும் இருக்கலாம்.

மூடியைத் தட்டி எடுத்து, ஸ்ப்ளிட் பின்னை உருவி, நட், வாஷர், வெளிப் பேரிங் என்று வரிசையாக ஒரு தட்டில் வையுங்கள். இடது சக்கரத்துக்கு ஒரு தட்டு, வலதுக்கு ஒரு தட்டு; கலந்துவிடக் கூடாது. சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பை இழுத்து, பின்பக்க சீலை நெம்பி எடுத்தால் உட்பேரிங் வரும். எல்லாவற்றையும் டீசலில் கழுவி, பழைய கிரீஸ் ஒரு பொட்டு இல்லாமல் துடையுங்கள். பழைய கிரீஸ் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். பேரிங்கைக் காற்றடித்துச் சுழலவிட்டு விளையாட வேண்டாம். உருளை தெறித்தால் கண் போகும்.

வெயிலில் வைத்து ஒவ்வோர் உருளையாகப் பாருங்கள். புள்ளிப் பள்ளம், நீலநிறம், கீறல், எது இருந்தாலும் மாற்றவேண்டியதுதான். மாற்றும்போது ஹப்புக்குள் பேரிங் உட்காரும் கிண்ணத்தையும் சேர்த்து மாற்றுங்கள். பழைய கிண்ணத்தில் புதுப் பேரிங் போடுவது புதுச் செருப்பை உள்ளே முள்ளோடு போடுவது போல.

கிரீஸில் கஞ்சத்தனம் வேண்டாம். படகுகளுக்குப் போடும் கால்சியம் சல்ஃபோனேட் வகை மெரைன் கிரீஸ் தண்ணீரில் கரைந்து போகாது. உள்ளங்கையில் ஓர் உருண்டை எடுத்து, பேரிங்கின் அகன்ற ஓரத்தை அதில் குத்திக் குத்தி அழுத்த வேண்டும், கிரீஸ் மறுபக்கம் பிதுங்கி வரும் வரை. வேறு வகை கிரீஸைக் கலக்காதீர்கள். சீல் ஒவ்வோர் ஆண்டும் புதிது. எனக்கு அது உப்பூரில் கற்ற பாடம்.

திரும்ப மாட்டும்போது சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்குங்கள், உருளைகள் தம் இடத்தில் உட்காரும். பிறகு தளர்த்தி, விரலால் மட்டும் இறுக்கி, ஸ்ப்ளிட் பின்னுக்கான துளை எங்கே சேர்கிறதோ அங்கே புதுப் பின் போடுங்கள். என் அச்சில் இருக்கும் டேப்பர் பேரிங்குக்கான முறை இது. மூடிய ஒற்றைக்கட்டு ஹப் உங்களுடையது என்றால் கிரீஸ் வேலை கிடையாது, ஆட்டம் வந்தால் முழுதாக மாற்றுவதுதான்.

இன்னொன்று. நெடுந்தூரம் ஓடி வந்த சூட்டோடு தேங்கிய கடல்நீரில் சக்கரத்தை இறக்காதீர்கள். சூடான ஹப் சட்டென்று குளிர்ந்தால் உள்ளே உள்ள காற்று சுருங்கி, சீல் வழியாக உப்புத்தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அரை மணி நேரம் நிறுத்தி ஒரு சுக்குக்காபி குடித்துவிட்டு இறங்கலாம்.

டயரை அதன் பட்டனை (தரையில் படும் மேடுகளை) மட்டும் பார்த்து எடைபோடாதீர்கள். டிரெய்லர் டயர் தேய்ந்து சாவதில்லை, நின்றே சாகும். பக்கவாட்டில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும்: 3219 என்றால் 2019ஆம் ஆண்டின் 32ஆம் வாரம். ஆறேழு வயதானால், பட்டன் புதிதாக இருந்தாலும் மாற்றிவிடுவேன். ஸ்பிரிங் பட்டைகளுக்கு இடையே துரு உப்பியிருக்கிறதா, யூ போல்ட் மெலிந்திருக்கிறதா, ஷாக்கிள் புஷ் கிழிந்திருக்கிறதா என்று சக்கரம் கழன்றிருக்கும்போதே பார்த்துவிடுங்கள்.

இணைப்பும் மூக்கு எடையும்

பொலேரோவின் பின்னால் உள்ள இணைப்புப் பந்துக்கும், அதைக் கவ்வும் டிரெய்லரின் கப்ளருக்கும் பழைய கிரீஸை வழித்துப் புதிது தடவுங்கள். கொக்கி பூட்டியபின், முன் ஜாக்கியால் டிரெய்லரின் மூக்கை, அதாவது முன் முனையை, தூக்கிப் பாருங்கள். பொலேரோவின் பின்பக்கமும் சேர்ந்து எழும்ப வேண்டும். கழன்று வந்தால் பூட்டு தேய்ந்திருக்கிறது. பாதுகாப்புச் சங்கிலி இரண்டும் கொக்கிக்கு அடியில் குறுக்காகப் போக வேண்டும். கழன்றாலும் மூக்கு தரையில் குத்தாமல் சங்கிலித் தொட்டிலில் விழும்.

ஆண்டுக்கு ஒருமுறை, சாமான் எல்லாம் ஏற்றிய நிலையில் எடை மேடைக்குக் கொண்டுபோங்கள். சாமான் தானாகவே பெருகும் என்பது டிரெய்லர் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். மூக்கு எடையை வீட்டில் உடல் எடை பார்க்கும் மெஷினிலேயே அளக்கலாம். வண்டி சமமாக நிற்க வேண்டும். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு மூக்கில் இருந்தால் சரி. என்னுடையது மொத்தம் அறுநூறு கிலோ, மூக்கில் அறுபது. பின்பாரம் கூடினால் வண்டி வாலாட்டும். பாம்பன் சாலைப் பாலத்தில் பக்கவாட்டுக் காற்று பிடிக்கும்போது அந்த ஆட்டம் வயிற்றைக் கலக்கும். ஆடினால் பிரேக்கை மிதிக்காதீர்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள்.

டிரெய்லருக்குத் தனிப் பதிவு வேண்டும். அந்தக் காகிதங்களின் தேதி, காப்பீட்டின் தேதி இரண்டையும் இந்த வேலையோடு சேர்த்துப் பார்த்துவிடுவது வழக்கம்.

ஒழுகல்

துரு தெரிந்தே கொல்லும், ஒழுகல் தெரியாமல் கொல்லும். கூரையின் விளிம்பில் புகும் தண்ணீர் சுவருக்குள்ளேயே இறங்கி, தரைப் பலகையில் போய் உட்காரும். நமக்குத் தெரியவரும்போது பலகை பிஸ்கட்டாகியிருக்கும்.

மழைக்காலத்தில் உள்ளே எங்கெல்லாம் ஈரம் தெரிகிறது என்று சாக்பீஸால் வட்டம் போட்டுத் தேதி எழுதிவிடுவேன். அப்போதைக்கு டேப் ஒட்டினால் போதும். ஈரத்தின் மேல் எந்த சீலன்ட்டும் பிடிக்காது. தை மாசியில் காய்ந்தபின் முறையாகச் செய்துகொள்ளலாம். புரட்டாசியில் செய்வது சோதித்து அடைப்பது. சோதனைக்கு ஒருவர் உள்ளே டார்ச்சோடு, ஒருவர் வெளியே தண்ணீர்ப் பைப்போடு. கீழிருந்து மேலே நனைத்துக்கொண்டு வாருங்கள். முதலில் ஜன்னலின் அடி விளிம்பு, ஐந்து நிமிடம். பிறகு பக்கம், பிறகு மேல், கடைசியில்தான் கூரை. மேலிருந்து ஊற்றினால் எல்லா இடமும் ஒன்றாக நனைந்து, எது ஒழுகுகிறது என்றே தெரியாது. என் வீட்டில் உள்ளே உட்காருவது என் மனைவி. "வருது, வருது, நிறுத்துங்க" என்ற குரல் இதுவரை பெரும்பாலும் பக்கவிளக்குகளின் அடியிலிருந்துதான் வந்திருக்கிறது.

அடைப்பதற்கு ஹார்ட்வேர் கடையில் முதலில் நீட்டுவது சிலிகான் டியூப். வாங்காதீர்கள். சிலிகான் ஒருமுறை பட்ட இடத்தில் அதன்பின் எதுவும் ஒட்டாது, புது சிலிகான் உட்பட. விளிம்புகளுக்கு அடியில் பியூட்டைல் டேப், மேல் மூட்டுகளுக்கு பாலியூரிதேன் சீலன்ட். பழையதன் மேல் புதிதைப் பூசுவது காசுக்குப் பிடித்த கேடு. ஜன்னல் சட்டத்தைக் கழற்றி, பிளாஸ்டிக் சுரண்டியால் பழையதை முழுக்க எடுத்து, துடைத்து, புது டேப் வைத்து முடுக்க வேண்டும். ஒரு ஜன்னலுக்கு அரை நாள் ஆகும். ஆண்டுக்கு ஒரு ஜன்னல் என்று வைத்துக்கொண்டால் சலிப்பு வராது.

தரையை ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தால் தட்டிப் பாருங்கள். உளுத்த இடத்தில் ஓசை அமுங்கும். மாற்றும்போது ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் கேளுங்கள். ஐஎஸ் 303 வேறு, அது பொதுப் பயன்பாட்டுப் பலகை. வெட்டிய விளிம்புகளில் எபாக்ஸி பூசாமல் மாட்டினால் மரைன் என்ற பெயர் மட்டும்தான் மிஞ்சும்.

ஃபைபர் கூட்டில் விரிசல் இருந்தால் வள்ளங்களுக்கு வேலை செய்பவர்களே போதும். விரிசலைச் சுற்றி நாலு விரல் அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்து, கண்ணாடி இழை மேட்டைச் சிறியது, பெரியது என்று அடுக்கி ரெசினில் நனைத்து ஒட்டுவார்கள். நீங்களே செய்வதானால் ஓர் எச்சரிக்கை: ரெசினோடு கலக்கும் கோபால்ட்டையும் ஹார்ட்னரையும் நேரடியாக ஒன்றோடொன்று சேர்க்கவே கூடாது, வெடிக்கும். ஒன்றை ரெசினில் முழுக்கக் கலக்கிய பிறகுதான் மற்றது. மங்கிப்போன மேற்பரப்புக்கு ரப்பிங் காம்பவுண்டும் மெழுகும் போதும், பெயிண்ட் வேண்டாம்.

மின்சாரம்

பழைய டிரெய்லர்களில் நெகடிவ் வயர் இருக்காது. சேஸிஸையே திரும்பும் வழியாக வைத்திருப்பார்கள். சேஸிஸ் துருப்பிடிக்கப் பிடிக்க விளக்கு மினுக்கும், இண்டிகேட்டர் போட்டால் பிரேக் விளக்கு எரியும். ஒவ்வொரு விளக்குக்கும் தனி நெகடிவ் வயர் இழுத்த அன்றைக்கு என் பாதித் தலைவலி போயிற்று. வயர் வாங்கும்போது வெள்ளீயம் பூசிய செம்பு வயராக, படகுச் சாமான் விற்கும் கடையில் வாங்குங்கள். சாதாரண வயரின் ரப்பரைச் சீவிப் பார்த்தால் உள்ளே ஒரு சாண் தூரத்துக்குப் பச்சை ஏறியிருக்கும். மூட்டுகளை முறுக்கி டேப் சுற்றாமல், கிரிம்ப் செய்து (இணைப்பானில் வைத்து நசுக்கி), பசையுள்ள சுருங்கும் குழாய் போடுங்கள்.

பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். ஈய அமில பேட்டரி என்றால், சில மணி நேரம் ஓய்வில் வைத்து அளக்கும்போது 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 காட்டினால் பாதிதான். லித்தியம் இரும்பு பாஸ்பேட்டுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. எந்த வகையானாலும் கூரைக்கு அடியில் வைக்காதீர்கள், நம் சித்திரை வெயில் அதன் ஆயுளைத் தின்றுவிடும். சோலார் பேனலை நல்ல தண்ணீரில் துடையுங்கள். பொலேரோவோடு இணைக்கும் ஏழு முனைப் பிளக்கின் முனைகளை உப்புத்தாளால் தேய்த்து வாஸ்லின் தடவுங்கள். நம் ஊரில் உப்பு என்ற பெயரில் நன்மை செய்வது அந்தத் தாள் ஒன்றுதான்.

கேஸும் தண்ணீரும்

ஐந்து கிலோ சிலிண்டர் வண்டிக்கு வெளியே, மூக்கில் ஒரு பெட்டியில். எல்பிஜி காற்றைவிடக் கனமானது என்பதால் அந்தப் பெட்டியின் அடியில் துளை இருக்க வேண்டும். மணல் அடைத்திருந்தால் குத்தி விடுங்கள். சிலிண்டர் கழுத்தில் பி-27 போல எழுதியிருக்கும். எண் ஆண்டு; எழுத்தில் ஏ ஜனவரி முதல் மார்ச், பி ஏப்ரல் முதல் ஜூன் என்று டி வரை. அந்தக் காலாண்டோடு சோதனைக் கெடு முடிகிறது. டியூபில் அச்சடித்த தேதியைப் பாருங்கள். எல்லா இணைப்புக்கும் சோப்புத் தண்ணீர். அவ்வளவுதான்.

ஐம்பது லிட்டர் தண்ணீர்த் தொட்டிக்கு, வாசனை சேர்க்காத வீட்டு ப்ளீச் ஐம்பது மில்லி. குழாய் வரை ஓடவிட்டு, நான்கு மணி நேரம் நிறுத்தி, வடித்து, வாடை போகும் வரை அலசுங்கள்.

இந்த ஆண்டு எந்த இரும்பு வெளியேறும்

எல்லாம் கழற்றிப் பார்த்தபின்தான் இதை முடிவு செய்கிறேன், கடையில் நின்று அல்ல. முதல் ஆண்டு கதவு, ஜன்னல் திருகாணிகள். ஸ்டெயின்லெஸ் என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் 304. கடற்கரையில் அதற்கும் தேநீர்க் கறை மாதிரி பழுப்பு படியும். மாலிப்டினம் சேர்ந்த 316தான் நமக்கு. போல்ட் தலையில் ஏ2 என்று பொறித்திருந்தால் 304 வகை, ஏ4 என்றால் 316 வகை. மரையில் கிரீஸ் தடவி முடுக்குங்கள், இல்லையென்றால் ஸ்டெயின்லெஸ் தன்னோடு தானே பிடித்துக்கொண்டு கழற்ற வராது. அலுமினியத்தில் ஸ்டெயின்லெஸ் ஆணி அடிக்கும்போது இடையில் நைலான் வாஷர் வையுங்கள். உப்பு ஈரத்தில் இரண்டும் சேர்ந்தால் அலுமினியம் வெள்ளை மாவாக உதிரும்.

இரண்டாம் ஆண்டு கீல்கள். மூன்றாம் ஆண்டு பேரிங் செலவே போதும் போதும் என்றாகிவிட்டது. நான்காம் ஆண்டு வயரிங். ஐந்தாம் ஆண்டு யூ போல்ட், ஷாக்கிள் எல்லாம் உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தவை. கூட்டை என்றாவது முழுதாக இறக்க வேண்டி வந்தால், சேஸிஸையே அப்படி முக்கி எடுக்க ஆசை. அந்தத் தொட்டியின் சூடு 450 டிகிரி. மூடிய குழாய்களுக்குக் காற்றுத்துளை போடாமல் அனுப்பினால் வெடித்துவிடும் என்பதால், அதற்கு முன் ஒரு நல்ல வெல்டரோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

ஏசி போடவில்லையா என்று கேட்பவர்களுக்கு: கூரையில் ஒரு 12 வோல்ட் காற்றாடி, இரண்டு பக்கமும் கொசுவலை ஜன்னல். வாடைக்காற்றில் அதுவே போர்வை கேட்கும். ஏசியின் எடையைக் கூரையில் ஏற்றினால் மேலே சொன்ன மூட்டுகள் எல்லாம் மறுபடி வாய் பிளக்கும்.

நிறுத்துமிடமும் மேம்பாடுதான். தார்ப்பாய் போட்டு இறுக்கி மூடியிருந்தேன், உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடித்தது. இப்போது நாலு பக்கமும் திறந்த பனை ஓலைக் கொட்டகை. தென்னைக்கு அடியில் மட்டும் நிறுத்தாதீர்கள், காய் விழும் என்று சொல்லியா தெரிய வேண்டும்.

ஓட்டிப் பார்த்தல்

எல்லாம் முடிந்ததும் நேராகத் தனுஷ்கோடி அரிச்சல்முனைக்குக் கிளம்பிவிடாதீர்கள். சாயங்காலமானால் அங்கே யாரையும் இருக்க விடுவதும் இல்லை. முதலில் பத்து கிலோமீட்டர். நிறுத்தி, இரண்டு ஹப்பையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு சரி, கை வைக்க முடியாத சூடு என்றால் நட் அதிகம் இறுகியிருக்கிறது. ஐம்பது கிலோமீட்டரில் சக்கர நட்டுகளை மறுபடி முடுக்குங்கள். நான் உச்சிப்புளியிலிருந்து திருப்புல்லாணி வழியாகச் சேதுக்கரை போய்த் திரும்புவேன். அன்றிரவு வீட்டு வாசலிலேயே வண்டிக்குள் படுப்பது. எந்த விளக்கு எரியவில்லை, எந்தக் கதவு கிறீச்சிடுகிறது, தீப்பெட்டி எடுத்து வைக்க யார் மறந்தார்கள் என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும்.

போன மாசியில் அப்படிப் படுத்தபோது எதுவும் கிறீச்சிடவில்லை. காலையில் மூக்கைத் தூக்க முன் ஜாக்கியைச் சுற்றினேன், பாதியில் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது. நோட்டில் அடுத்த ஆண்டுக்கு முதல் வரி எழுதியாயிற்று.